எழுத்தறிவு என்று எதைச் சொல்கிறோம்? எங்கள் மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சனிக்கிழமை மாலைதோறும் ஒரு வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நானும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கென்று தொடங்கிய வகுப்பு இது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலோரம் உட்கார்ந்திருந்த அம்மாக்களும் பாட்டிகளும் மெல்ல உள்ளே வந்தார்கள். இப்போது பாதிப்பேர் அவர்கள்தான். பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து, தோட்டம் கைமாறிய பிறகு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். அவர்கள் சாதாரணமாகக் கேட்கிற பல கேள்விகளுக்காகக் கல்விமான்கள் புத்தகம் புத்தகமாக எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்லி மாளவில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், டீச்சர். அப்படியென்றால் எழுத்தறிவு உண்டு என்றுதானே அர்த்தம்?

ஒரு காலத்தைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர்கள் ‘ஆமாம்’ என்றுதான் கணக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் 1753-இல் ஒரு திருமணச் சட்டம் வந்தது. மணமக்கள் பதிவேட்டில் பெயரை எழுத வேண்டும், முடியாவிட்டால் ஒரு கீறலாவது போட வேண்டும். பிற்காலத்தில் அந்தப் பதிவேடுகளைப் புரட்டி, பெயர் எழுதியவர் எத்தனை, கீறல் போட்டவர் எத்தனை என்று எண்ணித்தான் அந்தக் காலத்து எழுத்தறிவைக் கணித்தார்கள். வேறு சான்று கைவசம் இல்லை. ஆனால் பெயரை மட்டும் கோலம் போடுவதுபோல் பழகிக்கொண்டவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் எழுதக் கற்றுக்கொடுக்கப்படாதவர் விடுபட்டுப் போவார். அப்படி விடுபட்டவர்களில் பெண்கள் அதிகம்.

என் பெரியம்மாவுக்குப் பெயர் மட்டும் எழுதத் தெரியும். சம்பள நாளில் தோட்டக் கிராணி (கணக்கர்) முன்னால் போய் மைப்பெட்டியில் விரலை அமுக்குவது அவமானமாக இருக்கிறது என்று, மகனை உட்காரவைத்து ஒரு வாரம் பழகினாராம். அந்த ஐந்து எழுத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்தப் பதிவேட்டுக் கணக்கைத் தவிர வேறு எந்த வரையறைப்படியும் அவர் எழுத்தறிவு பெற்றவர் இல்லை. ஆனால் அந்த மாதம் சம்பளம் வாங்கிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்து வந்த நடையை எந்த வரையறையாலும் அளக்க முடியாது.

அப்படியென்றால் அதிகாரபூர்வமான விளக்கம்தான் என்ன?

யுனெஸ்கோ 1958-இல் சொன்னது: தன் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய ஒரு சின்ன, எளிய வாசகத்தைப் புரிந்து வாசிக்கவும் எழுதவும் முடிந்தவர் எழுத்தறிவு பெற்றவர். 1978-இல் அதோடு இன்னொன்றைச் சேர்த்தது. தன் சமூகத்தில் எழுத்து தேவைப்படுகிற காரியங்களையெல்லாம் செய்துகொள்ள முடிகிறதா என்பது அது. 2000-களில் பட்டியல் இன்னும் நீண்டது: அடையாளம் காண, புரிந்துகொள்ள, விளக்க, படைக்க, தெரிவிக்க, கணக்குப் பார்க்க. ‘படைக்க’ என்ற சொல் உள்ளே வந்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் போதும், பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்பதில்லை.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். நம் பேச்சில் ‘படிப்பு’ என்றால் வாசிப்பதும் அதுதான், பள்ளிக்கூடம் போவதும் அதுதான். அதனால்தான் நான்காம் வகுப்போடு நின்றுவிட்டு, தினமும் பேப்பரை எழுத்து விடாமல் வாசிக்கிற தாத்தாவையும் ‘அவர் படிக்காதவர்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தின் கதையும் வேடிக்கைதான். எழுத்தறிவின்மையைக் குறிக்கும் ‘இல்லிட்டரசி’ என்ற சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ‘லிட்டரசி’ என்ற சொல் 1880-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. இல்லாதவருக்குத்தான் முதலில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

படிக்காதவர்களுக்கு யோசிக்கும் திறன் குறைவு என்று என் மகன் எங்கேயோ வாசித்தானாம். உண்மையா?

அவன் வாசித்தது பொய்யில்லை, பழைய கருத்து. 1963-இல் ஜாக் குடி, இயன் வாட் என்ற இருவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். எழுத்து வந்த பிறகுதான் மனிதர்கள் பழங்கதையையும் வரலாற்றையும் பிரித்துப் பார்த்தார்கள், தர்க்கம் வளர்ந்தது என்ற போக்கில் அவர்கள் வாதம் போகும். 1982-இல் வால்டர் ஓங் என்ற அறிஞர் அதை இன்னும் நீட்டி, வாய்மொழியில் வாழ்கிறவர் சிந்திக்கும் விதமே வேறு என்றார். கவர்ச்சியான வாதம். கல்லூரியில் படித்தபோது நானும் நம்பினேன்.

சிக்கல் எங்கே என்றால், எழுத்துத் தெரிந்தவர் என்று இவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடமும் போனவர்கள். மூளையில் மாற்றம் வந்ததென்றால் அது எழுத்தால் வந்ததா, பள்ளிக்கூடத்தால் வந்ததா? இதைப் பிரித்துப் பார்க்க ஓர் ஊர் வேண்டும். அது மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டில் கிடைத்தது. அங்கே ‘வாய்’ (Vai) என்றொரு இனம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் தங்களுக்கென்று சொந்தமாக ஓர் எழுத்துமுறையை உருவாக்கிக்கொண்டார்கள். நம் உயிர்மெய் மாதிரி ஒவ்வொரு குறியும் ஓர் அசை. பள்ளிக்கூடத்தில் யாரும் அதைக் கற்றுத்தருவதில்லை. அண்ணன் தம்பிக்கும், நண்பன் நண்பனுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துவார்கள். அதே ஊரில் குர்ஆன் ஓத அரபு எழுத்துக் கற்றவர்கள் உண்டு, அரசுப் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்களும் உண்டு. ஓர் ஊருக்குள் மூன்று எழுத்து. தமிழ், ரூமி (லத்தீன் எழுத்தில் மலாய்), ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் சுமக்கிற பையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உளவியலாளர்களான சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் அங்கே போய்ப் பல ஆண்டுகள் சோதித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார்கள். எழுத்துத் தெரிந்ததால் மட்டும் யாருக்கும் பொதுவான சிந்தனைத் திறன் தாவி ஏறிவிடவில்லை. அவரவர் எந்த எழுத்தை வைத்து என்ன செய்தார்களோ அதில் தேர்ந்திருந்தார்கள். கடிதம் எழுதிப் பழகிய வாய் எழுத்துக்காரர், ஒரு விளையாட்டை அறியாதவருக்கு விளக்கிச் சொல்வதில் கெட்டி. குர்ஆன் ஓதியவர் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போய் மனப்பாடம் செய்வதில் கெட்டி. ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கேட்டால் காரணத்தை வார்த்தையில் அடுக்கிச் சொல்வது பள்ளிக்கூடம் போனவர்களின் பழக்கம்.

உங்கள் மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கல்லாதவர் கண்ணைப் புண் என்று சொன்ன வள்ளுவரே, கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்கள் முடிந்த கையோடு கேள்வி என்றோர் அதிகாரம் வைத்து, ‘கற்றில னாயினும் கேட்க’ என்றும் சொல்லியிருக்கிறார்.

பாரம் (படிவம்) நிரப்பத் தெரிந்தால் போதாதா? அதற்குமேல் எதற்கு?

இதைத்தான் ‘பயன்பாட்டு எழுத்தறிவு’ என்கிறார்கள். 1950-களில் வில்லியம் கிரே என்ற வாசிப்பு ஆய்வாளர் யுனெஸ்கோவுக்காக எழுதிய நூலிலிருந்து பரவிய எண்ணம். தன் சமூகத்தில் எழுத்தை வைத்துச் செய்ய வேண்டியவற்றைச் செய்யத் தெரிந்தால் சரி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஐ.சி. (அடையாள அட்டை) பாரம், சேமநிதிக் கணக்கு, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), கிளினிக் அட்டை என்று வாழ்க்கையே பாரமாக இருக்கும்போது அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் எந்தப் பயன், யாருக்குப் பயன் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? மலாயாவில் 1912-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலேயே பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது. ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, கிராணியோ கங்காணியோதான் பல இடங்களில் வாத்தியார். பெரும்பாலும் தொடக்க வகுப்போடு சரி. பிள்ளை பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) எழுந்து வந்து, கொடுத்த நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினால் தோட்டத்துக்குப் போதும். அந்தப் ‘பயன்பாடு’ நிறைவாகவே நடந்தது. செக்ரோலில் (வேலைநாள் பதிவேட்டில்) தன் பெயருக்கு நேரே எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தெரிந்த தொழிலாளி மட்டும் அந்தப் பயன்பாட்டுக்குள் அடங்காதவர்.

அமெரிக்காவில் எழுத்துக் கல்வியை ஆராய்கிற டெபோரா பிராண்ட் 1998-இல் இதற்கு ஒரு நல்ல சொல் கொடுத்தார். எழுத்தறிவின் புரவலர்கள். நாம் எழுத்துக் கற்பதற்குப் பின்னால் எப்போதும் யாரோ இருக்கிறார்கள்: முதலாளி, அரசாங்கம், சமயம், சங்கம், பத்திரிகை. அவர்கள் இடம் கொடுப்பார்கள், தாள் கொடுப்பார்கள், சில நேரம் தடுக்கவும் செய்வார்கள். ஏதோ ஒரு வகையில் அவர்களுக்கும் அதில் ஆதாயம் உண்டு. சாதாரண ஆட்களிடம் அவரவர் வாசிக்க எழுதக் கற்ற கதையைக் கேட்டுக் கேட்டு அவர் கண்டது இது.

நம் ஊர்ப் புரவலர்களை எண்ணிப் பாருங்கள். தோட்ட நிர்வாகம் ஒன்று. கோயில் இன்னொன்று, திருவிழா வரவுசெலவை எழுதிச் சுவரில் ஒட்டியதால் கூட்டலும் வாசிப்பும் பழகியவர்கள் இங்கே உண்டு. 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் துண்டுத்தாள்கள். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன், 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு. முரசின் மாணவர் மணிமன்றத்தில் பெயர் அச்சில் வர வேண்டும் என்பதற்காகவே எழுதத் தொடங்கிய ஒரு தலைமுறை இருந்தது. இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாளை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக் காத்தவர்களும் உண்டு. வாசிக்கத் தெரியாதவருக்கும் எழுத்தோடு உறவு இருந்தது என்பதற்கு அதைவிட என்ன சொல்ல?

எங்கள் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். 555 நோட்டில் கடன் எழுதுவார், அவ்வளவுதான். அதுவும் எழுத்தறிவா?

ஆமாம். சந்தேகமே இல்லை. 1970-களில் பிரையன் ஸ்ட்ரீட் என்ற மானிடவியலாளர் ஈரானில், மஷாத் நகருக்குப் பக்கத்து மலைக் கிராமங்களில் இருந்தார். ஊரார் சிலர் சின்ன வயதில் குர்ஆன் பள்ளியில் ஓதக் கற்றவர்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர்கள் பின்தங்கியவர்கள். ஆனால் பழ வியாபாரம் சூடுபிடித்தபோது, பெட்டிக்குப் பெயர் எழுதுவது, கணக்குப் புத்தகம் வைப்பது, காசோலை எழுதுவது எல்லாவற்றையும் அந்தப் பழைய ஓதல் பழக்கத்தின் மேல் கட்டிக்கொண்டவர்கள் அவர்களே. 1984-இல் ஸ்ட்ரீட் எழுதியதன் சாரம்: எழுத்தறிவு என்பது எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் ஒரே வேலை செய்கிற இயந்திரம் அல்ல. யார், யாரோடு, என்ன அதிகாரத்தில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதோடு ஒட்டியே அது இருக்கும்.

உங்கள் அப்பாவின் நோட்டில் யார் பெயர், எவ்வளவு, எப்போது சம்பளம், யாரை அவசரப்படுத்தக் கூடாது என்பதெல்லாம் இருந்திருக்கும். அதை அவரைத் தவிர யாராலும் வாசிக்க முடியாது. மூக்கன், சுருட்டைக்காரர் மனைவி, மூன்றாவது லயம் என்று எழுதியிருந்தால் யாருக்குப் புரியும்?

எல்லாமே எழுத்தறிவு என்றால் அ, ஆ எதற்குக் கற்க வேண்டும்?

இந்த இடத்தில்தான் ஆய்வாளர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. ‘ஒவ்வொருவருக்கும் அவரவர் எழுத்தறிவு உண்டு’ என்று சொல்லிவிட்டு அவர்கள் விமானம் ஏறிவிடலாம். என் உறவுக்காரப் பாட்டி ஒருவர் தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில், நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது, வீடு பற்றி ஏதாவது வாக்குறுதி இருந்ததா என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. பிரதிகூட கையில் இல்லை. அவர் ஐந்நூறு தாலாட்டும் ஒப்பாரியும் மனத்தில் வைத்திருந்தவர். அறிவில்லாதவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் அன்றைக்கு அவருக்குத் தாலாட்டு உதவவில்லை. எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும், எழுத்துத் தெரியாததால் அவர் தாழ்ந்தவர் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. எங்கள் வகுப்பே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

வீட்டில் கதைப்புத்தகம் இல்லை. பிள்ளை பின்தங்கிவிடுமா?

புத்தகம் இருந்தால் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஷர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலாளர் சுமார் பத்தாண்டுகள் கூடவே இருந்து பார்த்து 1983-இல் எழுதியதைக் கேளுங்கள். அமெரிக்காவின் கரோலினா பகுதியில் துணி ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் இரண்டு. ஒன்றில் வெள்ளையர், இன்னொன்றில் கறுப்பினத்தவர். வெள்ளையர் வீட்டில் தூங்கும்முன் கதை வாசிப்பார்கள், ‘இது என்ன? இது என்ன நிறம்?’ என்று கேட்பார்கள். மற்றக் குடியிருப்பில் குழந்தைக்கென்று புத்தகம் இல்லை. ஒரு கடிதம் வந்தால் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் சத்தமாக வாசிப்பார், பத்துப் பேர் அர்த்தம் சொல்வார்கள். தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவரை ‘இவருக்கு என்ன ஆயிற்று?’ என்று பார்ப்பார்கள். முதல் கூட்டத்துப் பிள்ளைகள் தொடக்க வகுப்புகளில் நன்றாகச் செய்து, சொந்தமாகக் கற்பனை செய்ய வேண்டிய வகுப்பு வந்ததும் திணறினார்கள். இரண்டாவது கூட்டத்துப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே திணறினார்கள்; பள்ளி கேட்ட கேள்வி அவர்கள் வீட்டுக் கேள்வி அல்ல. ‘இது எதைப் போல இருக்கிறது?’ என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் பிரமாதமாகப் பேசுவார்கள்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் ஒருவர் பேப்பர் வாசிக்க, பல் குச்சியோடு நான்கு பேர் நின்று கேட்டு, நடுநடுவே அரசியல் பேசிய காலை நேரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதுவும் வாசிப்புத்தான். வீட்டில் கல்யாணப் பத்திரிகை வந்தால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். யார் யாருக்கு என்ன முறை என்று கேளுங்கள். காசில்லாத பாடப்புத்தகம் அது.

எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு ஏன் ‘அ - அம்மா’வில் தொடங்காமல் ‘பால்’ என்பதில் தொடங்குகிறீர்கள்?

இது பாவ்லோ ஃபிரேயிரி என்ற பிரேசில் கல்வியாளரிடம் கடன் வாங்கியது. 1963-இல் பிரேசிலின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்ற சிற்றூரில், சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய 40 மணி நேரத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் வாழ்க்கையில் கனமாக இருக்கிற சொல்லை எடுப்பார். ‘செங்கல்’ அப்படியொரு சொல். முதலில் அதைப் பற்றிப் பேச்சு: யார் சுடுகிறார்கள், யார் வீடு கட்டுகிறார்கள், யாருக்கு வீடில்லை. அப்புறம் அந்தச் சொல்லை அசை அசையாக உடைத்து, ஒவ்வோர் அசையின் குடும்பத்தையும் விரிப்பார். நம் உயிர்மெய் வரிசைக்கு இந்த முறை அளவெடுத்துத் தைத்த சட்டை. பால் என்பதில் தொடங்கி பல், பாய், பாடு, பில் என்று போய்விடலாம். ‘பில்’ வந்ததும் தண்ணீர் பில்லைப் பற்றி அரை மணி நேரம் பேச்சு ஓடும். ஓடட்டும்.

அப்போது பிரேசிலில் எழுத்தறிவில்லாதவருக்கு ஓட்டு கிடையாது, 1985-இல்தான் கிடைத்தது. ஆகவே அகரம் கற்பிப்பது அங்கே வாக்காளரை உண்டாக்குவது. 1964-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டதும், பிறகு அவர் நாட்டை விட்டே போக நேர்ந்ததும் இதனால்தான்.

எந்த மொழியில் முதலில் கற்க வேண்டும்?

வீட்டில் பேசுகிற மொழியில். யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய நாள்முதல் இந்நாட்டில் இந்த விவாதம் ஓயவில்லை. இங்கே அதை நீட்ட வேண்டாம்.

என் மகள் ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளபலம்’ என்று எழுதுகிறாள். திட்டலாமா?

வேண்டாம். அவள் காதில் விழுவதை அப்படியே எழுதுகிற கவனமான பிள்ளை. நியூயார்க்கில் மினா ஷாக்னசி என்றொரு எழுத்துப் பயிற்சி ஆசிரியை இருந்தார். 1970-இல் அந்த நகரக் கல்லூரிகள் எல்லோருக்கும் கதவைத் திறந்தபோது, ஏழை வீட்டுப் பிள்ளைகள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து வாசித்தார். ஆசிரியர்கள் சிவப்பு மையால் நிரப்பிய தாள்கள் அவை. பிழைகள் சோம்பேறித்தனத்தால் வந்தவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது என்று 1977-இல் எழுதினார். உங்கள் மகளின் தர்க்கம் தெளிவு: நாம் யாரும் ழகரத்தை உச்சரிப்பதில்லை, அவள் எப்படி எழுதுவாள்? ஒரு மாதம் ழகரத்தை மட்டும் பாருங்கள். ண, ன அப்புறம்.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. யூ.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வு இருந்த காலத்தில் பிள்ளைகள் கட்டுரையின் முதல் பத்தியை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். சேவல் கூவும், பறவைகள் கீச்சிடும், கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டுவான். அடுக்குமாடியில் குடியிருக்கிற பிள்ளையின் சேவல் எங்கே கூவியது? ஒரு பிழை இருக்காது, ஒரு யோசனையும் இருக்காது. எழுதும்போதுதான் நமக்கே நம் யோசனை பிடிபடுகிறது என்று ஜேனட் எமிக் போன்ற எழுத்தாசிரியர்கள் 1970-களிலேயே வாதிட்டார்கள். 2021-இல் தேர்வை எடுத்துவிட்டார்கள். சேவல் இன்னும் கூவிக்கொண்டிருக்கிறது.

பேரன் வாட்ஸ்அப்பில் தமிழை ரூமி எழுத்தில் அடிக்கிறான். அதையும் சேர்த்துக்கொள்வீர்களா?

சேர்த்துக்கொள்வேன், கொஞ்சம் முகம் சுளித்துக்கொண்டு. 1996-இல் நியூ லண்டன் குழு என்ற பெயரில் பத்து அறிஞர்கள் ‘பன்முக எழுத்தறிவு’ என்று ஒன்றை முன்வைத்தார்கள். படம், ஒலி, பக்க அமைப்பு, பல மொழிக் கலப்பு எல்லாம் சேர்ந்ததுதான் இனி வாசிப்பு என்றார்கள். ஸ்மார்ட்போன் வருமுன்னே சொன்னது. நான் பேரனிடம் கேட்பது ஒன்றுதான்: பாட்டிக்கு அனுப்பும்போது மட்டும் தமிழ் எழுத்தில் அனுப்பு. பாட்டி இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறார், வீணாக்காதே.

எனக்கு அறுபத்து மூன்று வயது. இனிமேல் வந்து என்ன ஆகப்போகிறது?

என்ன வாசிக்க ஆசை என்று சொல்லுங்கள், அதிலிருந்தே தொடங்குவோம். மாத்திரை உறையில் காலையா இரவா என்று பார்க்க வேண்டும் என்று ஒருவர் வந்தார். கரோக்கேயில் பாட்டு வரி ஓடும்போது விட்டுவிடாமல் பாட வேண்டும் என்று இன்னொருவர். ஒரு அக்கா, இறந்துபோன கணவர் ஐம்பது வருஷத்துக்கு முன் எழுதிய கடிதங்களைக் கொண்டுவந்தார். அதுவரை பிறர் வாசிக்கக் கேட்டதில்லை, கேட்கவும் பிடிக்கவில்லை. அந்தக் கடிதங்களில் ‘லை’, ‘னை’ எல்லாம் பழைய யானைத் தும்பிக்கை வடிவில் இருந்ததால் நானே இரண்டு இடத்தில் தடுமாறினேன். இப்போது மூன்றாவது கடிதத்தில் இருக்கிறார். வாரத்துக்கு நான்கு வரி.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாருங்கள். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள், பென்சில் இங்கே இருக்கிறது.